நார்க் கஞ்சா: சட்டத் தளர்வு வாதமும் காவிரிக் கடைமடையும்

நார்க் கஞ்சா என்பது போதைக்காக அல்லாமல் தண்டின் நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் கஞ்சாச் செடி. போதைக் கஞ்சாவும் இதுவும் ஒரே தாவர இனம். மயக்கம் தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளின் அளவே இரண்டையும் பிரிக்கிறது. உத்தராகண்ட் மாநிலம் அந்த எல்லையை 0.3 விழுக்காடாக வைத்துள்ளது. காரைக்கால், நாகப்பட்டினம் வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கஞ்சாவுக்கு அது உறவில்லை.

இந்தியாவில் இச்செடி முழுக்கத் தடைசெய்யப்பட்டது என்று பலரும் நம்புகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பூக்கும், காய்க்கும் நுனிகளை அது கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற கடைகளில் இலையில் செய்யும் பாங்கு விற்பது இதனால்தான். நாருக்கும் விதைக்கும் பயிரிட அனுமதி தரும் அதிகாரத்தை 14ஆம் பிரிவு அரசுக்கு வழங்குகிறது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் நார்ப்பயிருக்கு விலக்கு அளித்தது. வாசல் திறந்தே இருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த மாநிலமும் அதில் நுழையவில்லை என்பது வருந்தத்தக்கது.

தளர்வு கோருவோர் முதலில் காட்டும் சான்று 1893–94இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த கஞ்சாப் போதைப்பொருள் ஆணையம். டபிள்யூ. மேக்வொர்த் யங் தலைமையில் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்ற அந்த ஆணையம், மிதமான பயன்பாடு பெருந்தீங்கு விளைவிப்பதில்லை என்று கண்டது. முழுத் தடையை ஏற்காமல், உரிமத்தையும் வரியையும் கொண்டு கட்டுப்படுத்தச் சொன்னது. ஆணையத்தின் அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. ஆனால் இன்றைய வீரிய ரகங்களுக்கும் பதின்வயதினரின் மனநலப் பாதிப்புக்கும் அதை மட்டுமே விடையாகக் காட்ட முடியாது.

இரண்டாவது வாதம் பண்பாடு சார்ந்தது; ஜப்பானில்தான் அது வலுவாக ஒலிக்கிறது. அங்கே ஷிண்டோ கோயில்களின் புனிதக் கயிறுகள் கஞ்சா நாரில் திரிக்கப்பட்டன. புதிய பேரரசரின் தைஜோசாய் சடங்குக்குத் தொகுஷிமாவில் நார்த்துணி நெய்யும் வழக்கம் 2019இலும் தொடர்ந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் பயிரை உரிமத்துக்குள் அடைத்தது. செயற்கை இழைகளும் சேர்ந்து நெருக்க, ஆயிரக்கணக்கில் இருந்த உழவர்கள் சில பத்துப் பேராகக் குறைந்தார்கள். தோச்சிகி மாவட்டம் போதை குறைந்த ரகத்தை உருவாக்கித் தொழிலைக் காத்தது. 2023இல் திருத்தப்பட்ட சட்டம் கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்துகளை அனுமதித்துவிட்டு, போதைப் பயன்பாட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நாரையும் மருந்தையும் போதையிலிருந்து பிரித்துப் பார்த்த அந்தத் தெளிவு இந்திய விவாதத்துக்கும் தேவை. தாய்லாந்தில் அந்தத் தெளிவு இல்லை. 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கிய அந்நாடு, 2025இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று பின்வாங்கியது.

ஜப்பானுக்கு இணையாக இந்தியாவில் சொல்லத்தக்கது இமயமலைச் சரிவு. கார்வாலிலும் குமாவூனிலும் தண்டு நாரில் துணியும் கயிறும் செய்தார்கள். விதையைத் துவையலாக அரைத்து உண்கிறார்கள். 2018இல் உத்தராகண்ட் முதல் உரிமத்தை வழங்கியது. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றது. ஆனால் மலைநாட்டு விதைகள் பல 0.3 எல்லையைத் தாண்டுவதால், உரிமம் கிடைத்தும் நல்ல விதை கிடைப்பது கடினமாகவே இருக்கிறது.

காவிரிக் கடைமடையில் நார்க் கஞ்சா பயிரிடுவதை மீட்பு என்று சொல்ல இடமில்லை. 1954இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு இணைந்த காரைக்காலிலும் அதைச் சூழ்ந்த தமிழக மாவட்டங்களிலும் கயிறு என்றால் தேங்காய் நாரும் பனை நாரும் பருத்தியும்தான். மண்ணும் ஒத்துவராது. கஞ்சா வேர் தேங்கிய நீரைத் தாங்காது. பகல் நீளும் வடநாடுகளில் உயர்ந்து வளரும் நார் ரகங்கள், பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இந்த அகலக்கோட்டில் சீக்கிரமே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். சம்பா அறுவடைக்குச் சற்று முன் தெளிக்கும் உளுந்தையும் பயறையும் விட்டுவிட்டு இதற்கு மாற உழவருக்குக் காரணமில்லை. செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி போன்ற இடத்தில், உரிய அனுமதியோடு சோதனைப் பாத்தி போட்டுப் பார்ப்பது வேறு விஷயம்.

இப்பகுதிக்கு நெருக்கமானவை மருந்தும் தண்டனையும். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து சேர்க்கப்படும் நச்சுச் சரக்குகளுள் கஞ்சாவும் ஒன்று. முறையான உரிமத்தில் அது கிடைக்க வழி செய்வது நியாயமான கோரிக்கை. மதுவின் விலையில் காரைக்காலுக்கும் தமிழகத்துக்கும் வேறுபாடு உண்டு. கஞ்சாவுக்கு இருபுறமும் ஒரே மத்தியச் சட்டம். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைவது இந்தக் கடற்கரை வழியே இலங்கைக்குக் கடத்தப்படுகிறது. 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் குறைந்தது பத்தாண்டுச் சிறை. பிணை கிடைப்பதும் அரிது. அந்தச் சுமை பெரும்பாலும் கூலிக்கு மூட்டை சுமப்பவர் தலையில்தான் விழுகிறது. சிறிதளவு வைத்திருந்து சிக்கும் பழக்க அடிமைகளுக்குச் சிகிச்சையை ஏற்றால் வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது. புதிய சட்டத்துக்குக் காத்திராமல் காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் அதை இன்றே கையாளலாம்.