அப்பத்தாவின் வயதைத் தின்ற புதுக்கோட்டை: சி மொழியில் பஃபர் வழிந்த வரலாறு

இந்த முறை கொஞ்சம் கணினி, கொஞ்சம் வரலாறு. சி மொழி தெரியாதவர்களுக்கும் புரியும், பயப்படாமல் படிக்கலாம்.

போன விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்துக்கு உறுப்பினர் பட்டியல் தயார் செய்ய ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். முதலில் வயதைக் கேட்கும், பிறகு சொந்த ஊரைக் கேட்கும். ஊர்ப் பெயருக்கு 20 பைட் இடம் ஒதுக்கியிருந்தேன். லேப் ரெக்கார்டில் எப்போதும் எழுதும் எண் அதுதான். ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவையே முதல் உறுப்பினர் ஆக்கினேன். வயது 71. ஊர் புதுக்கோட்டை, தமிழிலேயே அடித்தேன். திரையில் வந்தது இதுதான்:

ஊர்: புதுக்கோட்டை
வயது: -1951407979

"ஏன்டா, நான் இன்னும் பொறக்கவே இல்லையா?" என்று அப்பத்தா கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ப் பெயர் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வந்திருக்கிறது, தப்பு செய்யாத வயது கெட்டுப் போயிருக்கிறது! இது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கலிங்கு இல்லாத கண்மாய்

எங்கள் மாவட்டம் கண்மாய்களை நம்பி வாழும் மாவட்டம். கண்மாய் வெட்டியவர்கள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று மட்டும் பார்க்கவில்லை, மிஞ்சினால் எப்படி வெளியேறும் என்றும் யோசித்துக் கலிங்கு கட்டினார்கள். கலிங்கு இல்லாவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் புகுந்துவிடும்.

சி மொழியில் கலிங்கு கிடையாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் இதை உருவாக்கினார். (புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14. அந்த வகையில் சி நம் மாவட்டத்துக்கு அண்ணன்!) சி மொழியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, கடைசியில் பூஜ்யம் மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும். அவ்வளவுதான். இடம் எவ்வளவு என்பது எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. அதைப் புரோகிராம் எழுதுபவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய கணினிகளில் நினைவகம் மிகக் குறைவு, எழுதியவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதனால் அது போதுமானதாக இருந்தது.

1988: புழு வந்த இரவு

விலை கொடுக்க வேண்டி வந்தது 1988 நவம்பர் 2 அன்று. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு புரோகிராம், அன்றைய சிறிய இன்டர்நெட்டில் தானாகவே கணினி விட்டுக் கணினி தாவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சேவை. அந்தச் சேவை, வரும் வரியை வாங்க 512 பைட் இடம் வைத்து 'கெட்ஸ்' என்ற கட்டளையைப் பயன்படுத்தியது. கெட்ஸ் இடத்தின் அளவைக் கேட்பதே இல்லை, வருவதையெல்லாம் உள்ளே கொட்டும். புழு 536 பைட் அனுப்பியது. மிஞ்சிய பைட்டுகள், 'வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்' என்ற முகவரியின் மேல் விழுந்தன. அந்தக் கணினி புழு சொன்ன இடத்துக்குத் திரும்பியது!

சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் 'செர்ட்-இன்' 2004-ல் வந்தது. ஆனால் கெட்ஸ் சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011-ல்தான். புழு வந்து 23 வருடம் கழித்து!

நான் கெட்ஸ் பயன்படுத்தவில்லை. ஆனால் 'ஸ்கேன்எஃப்' கட்டளையில் வெறும் சதவீதக் குறியும் எஸ்-ஸும் போட்டால் அதுவும் கெட்ஸ் மாதிரியேதான், அளவு பார்க்காது.

என் 20 பைட் எங்கே போயிற்று?

புதுக்கோட்டை ஆங்கிலத்தில் 11 எழுத்து, 11 பைட். தமிழில்?

தமிழுக்கு யூனிகோடு பரவும் முன் 'திஸ்கி' என்ற எட்டு பிட் குறியாக்கம் இணையத்தில் புழங்கியது. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி 'டாப்', 'டாம்' என்ற குறியாக்கங்களும் வந்தன. திஸ்கியில் பு, து, க், ட் ஒவ்வொன்றும் ஒரே பைட். கோ மூன்று பைட், டை இரண்டு. ஆக மொத்தம் 9. இருபதுக்குள் தாராளமாக அடங்கும்.

யூனிகோடில் பு என்பது ப + உகரக் குறி என இரண்டு. அப்படி எண்ணினால் புதுக்கோட்டைக்கு 12 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 36, முடிவுப் பூஜ்யத்தோடு 37.

இந்த யுடிஎஃப்-8 முறையை 1992-ல் வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். தாம்சன், ரிட்சியோடு சேர்ந்து யூனிக்ஸ் உருவாக்கியவர். எழுத்துகளின் நடுவே பூஜ்ய பைட் வராதபடி அமைத்ததால், பழைய சி புரோகிராம்கள் மாற்றம் இல்லாமலேயே தமிழை ஏற்றுக்கொண்டன. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக ஏற்றது. குறியாக்கம் மாறியது. ஆனால் அந்த 20 என்ற எண் லேப் ரெக்கார்டில் அப்படியே இருக்கிறது.

இப்போது அப்பத்தாவின் வயது புரியும். மிஞ்சிய 17 பைட்டில் முதல் நான்கு, பக்கத்திலிருந்த வயதின் மேல் விழுந்தன. அவை 'க'வின் கடைசி பைட்டும், ஓகாரக் குறியின் மூன்று பைட்டும். அவற்றை எண்ணாகப் படித்தால் மைனஸ் 195 கோடி சொச்சம்! மீதி 13 பைட் அடுத்த உறுப்பினரின் இடத்தில் கிடந்தது.

புதுக்கோட்டை மட்டும் இல்லை. அறந்தாங்கி 30 பைட், ஆலங்குடி 24, கந்தர்வகோட்டை 39. குட்டிப் பெயரான கீரனூருக்கே 21 வேண்டும்.

கலிங்கு கட்டிய கதை

பலரும் முதலில் பிடித்துக்கொண்டது 'ஸ்டிரிங்-என்-காப்பி'. இது பழைய யூனிக்ஸில் 14 எழுத்துக் கோப்புப் பெயர்களுக்காக வந்தது. இடம் நிரம்பிவிட்டால் முடிவுப் பூஜ்யத்தைப் போடாமல் விட்டுவிடும். இதற்கு மாற்றாக 1998-ல் ஓபன்பிஎஸ்டி குழுவின் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் 'ஸ்டிரிங்-எல்-காப்பி' எழுதினார்கள். லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகம் அதைச் சேர்த்துக்கொண்டது 2023-ல்!

1999-ன் சி தரநிலையில் 'எஸ்என்பிரிண்ட்எஃப்' இடம்பெற்றது. இடத்தின் அளவைச் சொன்னால் அதற்கு மேல் எழுதாது, முடிவுப் பூஜ்யத்தையும் போடும். அதோடு முழுதாக எழுத எத்தனை பைட் வேண்டியிருக்கும் என்றும் திருப்பிச் சொல்லும். கலிங்கும் கட்டி, எவ்வளவு தண்ணீர் வந்தது என்று அளந்தும் சொல்வது போல.

இதை வைத்து மீண்டும் முயன்றேன். வயது 71 என்று சரியாக வந்தது. ஆனால் ஊர் 'புதுக்' என்று நின்று, கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி. இருபதில் ஒன்று பூஜ்யத்துக்குப் போக மீதி 19 பைட். ஆறு குறிகளுக்கு 18, அடுத்த 'க'வில் மூன்றில் ஒரு பங்கு!

பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் பெயர் போயிற்று. அது திருப்பிச் சொன்ன 36-ஐ நான் பார்க்கவே இல்லை. ஒதுக்கிய இடத்தின் அளவையோ அதற்கு மேலான எண்ணையோ அது சொன்னால், பெயர் வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இப்போது முதலில் அளவைக் கேட்டு, அதோடு ஒன்றைக் கூட்டி இடம் ஒதுக்கிய பிறகே எழுதுகிறேன். உள்ளே வாங்குவதற்கும் ஸ்கேன்எஃப்புக்குப் பதில், அளவு கேட்கும் 'எஃப்கெட்ஸ்'.

இது மாணவர் செய்யும் தவறு மட்டும் இல்லை. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளை முடக்கியது. நினைவகம் கெடும் பிழை என்று சொல்லி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது.

உறுப்பினர் பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். முதியோர் உதவித்தொகைப் பட்டியலில் வயது கெட்டால், அலைவது அப்பத்தாதான். ஆகவே நண்பர்களே, 20 என்று எழுதும் முன் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அப்பத்தா இப்போது முறைப்படி உறுப்பினர். வயது 71, ஊர் புதுக்கோட்டை, முழுப் பெயரோடு. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!