சிலை மேல் கை வைக்காதீர்கள்!

ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டை ஆன கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். குறுக்கே ஒரு டச்சுக்காரர் வந்து நிற்கிறார். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆல்பர்ட் வின்செமியஸ். இளம் வயதில் பாலாடைக்கட்டி வியாபாரம் பார்த்தவர். பிறகு பொருளாதாரம் படித்து, போருக்குப் பின் நெதர்லாந்து அரசில் தொழில்வளர்ச்சியைக் கவனித்தார். அமெரிக்காவின் மார்ஷல் உதவி வந்து இறங்கிய காலம் அது. ஆக, 1960 அக்டோபரில் ஐ.நா. குழுத் தலைவராகச் சிங்கப்பூருக்கு வந்த இவர், உதவி வாங்கிய நாட்டின் ஆள். அதுதான் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் கட்சி.

1961இல் பிரதமர் லீ குவான் யூவிடம் அவர் வைத்த முன்நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, கம்யூனிஸ்டுகளை ஒழித்துக்கட்டுங்கள். இரண்டு, பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் சிலை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

வேலை கேட்டு ஊரே தவித்துக்கொண்டிருக்க, பொருளாதார நிபுணர் சிலையைப் பற்றிப் பேசுகிறாரே என்று தோன்றும். கணக்கு வேறு. சோஷலிசம் பேசி ஆட்சிக்கு வந்த கட்சி, வெள்ளைக்காரன் விட்டுப்போனதை என்ன செய்கிறது என்று மேற்கத்திய முதலாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரை இந்தோனேசியாவில் 1957இல்தான் டச்சுக் கம்பெனிகளைக் கைப்பற்றியிருந்தார்கள். ஒரு டச்சுக்காரர் அதை மறந்திருப்பாரா? காசில்லாமல் கொடுக்கக்கூடிய உத்தரவாதம் அந்தச் சிலை. லீ உடனே சம்மதித்தார். 1887இல் திறந்த அந்த வெண்கல ராஃபிள்ஸ் இன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

முதல் நிபந்தனைதான் எனக்கு நெருடுகிறது. கம்யூனிஸ்டுகளைச் சிறையில் போடுவதோ நாடு கடத்துவதோ உங்கள் பாடு, பொருளாதாரக்காரனுக்கு அதில் அக்கறையில்லை என்கிற ரீதியில் பேசினார் மனிதர். 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையின்றி உள்ளே தள்ளினார்கள். தொழிற்சங்கக்காரர்களும் அதில் இருந்தார்கள். மலேசியா உருவாக்கத்தின் அரசியல்தான் அதற்குப் பெரிய காரணம். ஆனாலும் என் நாயகரை இந்த இடத்தில் நான் தாங்கிப் பேச மாட்டேன்.

மற்றபடி ஆள் தங்கம். அறிக்கையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் நிபுணர்கள் எத்தனை பேர்! இவர் 1984 வரை ஆலோசகராக இருந்தார். வருகிறபோதெல்லாம் மூன்று வாரம் போலத் தங்கி, கம்பெனி நிர்வாகிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் பார்த்துப் பேசிவிட்டுத்தான் அரசிடம் போவார். விமான டிக்கெட்டும் ஓட்டல் பில்லும் அரசு கட்டியது, சம்பளம் கிடையாது. குழுவின் செயலாளராக வந்த ஐ.எஃப். டாங் ஒருபடி மேலே போய், சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார்.

ஐ.நா. குழுவின் அறிக்கை சொன்னபடி 1961 ஆகஸ்டில் பொருளாதார வளர்ச்சிக் கழகம் பிறந்தது. தலைவர் ஹான் சுய் சென். நிதியமைச்சர் கோ கெங் சுவீ அதற்குள் ஜூரோங்கில் குன்றை வெட்டிச் சதுப்பைத் தூர்க்கக் கிளம்பிவிட்டார். ஊர் அதற்கு வைத்த பெயர், 'கோவின் கிறுக்குத்தனம்'. அந்தக் கிறுக்கு அடுத்த வாரம்.