பிரனீஸ் மலையடிவாரத்தில் சுவிஸ் தொண்டர்கள்: 1937–1944

பிற நாட்டுக் குழந்தைகளுக்கு ஊதியமின்றிப் பணிசெய்யச் செல்லும் வழக்கம் இன்று கல்லூரி மாணவரின் விடுமுறைத் திட்டங்களில் ஒன்றாகிவிட்டது. ஆனால் அதன் ஐரோப்பிய வேர்களுள் வலுவான ஒன்று முதல் உலகப் போர் பாழாக்கிய நிலத்தில் ஊன்றியதாகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளரும் போர்மறுப்பாளருமான பியர் செரெசோல், 1920ஆம் ஆண்டின் இறுதியில், வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தில் பல நாட்டவர் அடங்கிய சிறு குழுவொன்றுடன் சீரமைப்பு வேலையைத் தொடங்கினார். குழுவில் செர்மானியரும் இருந்தனர். அவர்களின் கையால் உதவி பெற ஊரார் பலருக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்ப்பு வலுக்கவே, 1921ஆம் ஆண்டு வசந்தத்தில் குழு வெளியேற நேர்ந்தது. பின்னாளில் ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ எனப் பெயர்பெற்ற தொண்டியக்கத்தின் முதல் பாடம், செய்த வேலைக்கு நன்றி கிடைக்கும் என்று நம்பி வரக்கூடாது என்பதாகவே அமைந்தது. 1934ஆம் ஆண்டு பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்தின் பின் செரெசோல் இந்தியாவுக்கு வந்து கிராம மறுசீரமைப்பில் ஈடுபட்டதும் இதே மனப்பாங்கின் தொடர்ச்சியே.

அவ்வியக்கம் குழந்தைகளின் பக்கம் முழுமையாகத் திரும்பியது ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போதுதான். ரோடோல்ஃபோ ஒல்ஜாத்தியின் பொறுப்பில் 1937இல் ஸ்பெயினுக்குச் சென்ற சுவிஸ் தொண்டர்கள், குண்டுவீச்சுக்கு உள்ளான மாட்ரிட்டிலிருந்து குழந்தைகளையும் தாய்மாரையும் லாரிகளில் பாதுகாப்பான பகுதிகளுக்குக் கொண்டுசென்றனர். திரும்பும் வழியில் அதே லாரிகள் உணவுப்பொருள் சுமந்து வந்தன. சூரிச் மாநிலத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய எலிசபெத் ஐடன்பென்ஸ் தமது 24ஆம் வயதில் இக்குழுவில் சேர்ந்தார். அவர் மருத்துவரோ செவிலியரோ அல்லர் என்பது, பின்னர் அவர் நடத்திய இல்லத்தை நோக்கும்போது வியப்பளிக்கும் செய்தியாகும்.

1939ஆம் ஆண்டு சனவரி இறுதியில் பார்சிலோனா வீழ்ந்ததும், ஏறத்தாழ 5 இலட்சம் பேர் பிரனீஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குள் புகுந்தனர். ஸ்பானிய மொழியில் ‘ரெட்டிராடா’, அதாவது பின்வாங்கல், எனப்படும் இப்பெயர்ச்சியில் வந்தவர்களை அர்ஜலெஸ், சான் சிப்ரியான் ஆகிய கடற்கரைகளில் முள்வேலிக்குள் அடைத்தபோது அங்குக் கூரை இல்லை. நல்ல குடிநீரும் இல்லை. கருவுற்ற பெண்கள் மணலில் பள்ளம் தோண்டிக் குளிர்காற்றினின்று ஒதுங்கினர். முகாமில் பிறந்த சிசுக்கள் பெருமளவில் இறந்ததைக் கண்ட ஐடன்பென்ஸ், எல்ன் என்னும் சிற்றூருக்கு அருகே கைவிடப்பட்டிருந்த ஒரு மாளிகையைச் சுவிஸ் நன்கொடையால் சீர்செய்து, அதே ஆண்டு டிசம்பரில் பிரசவ இல்லமாக்கினார். 1944ஆம் ஆண்டு வசந்தத்தில் செர்மானியப் படை அதை மூடும்வரை அங்கு 597 குழந்தைகள் பிறந்தன. தொடக்கத்தில் ஸ்பானியப் பெண்களே மிகுதியாக வந்தனர். பின்னர், ரிவசால்ட் முகாமிலிருந்து யூதப் பெண்களும் ஜிப்சி எனப்பட்ட ரோமா இனப் பெண்களும் வந்தனர்.

இந்த இல்லத்தின் நடைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. அறைகளுக்கு ஸ்பானிய நகரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. பிரசவத்திற்குச் சில வாரம் முன்பே வந்து, பின்னும் சில வாரம் தங்கிய பெண்கள் சமையல், துணி வெளுத்தல், தையல் ஆகிய வேலைகளைப் பகிர்ந்துகொண்டனர். பால் மிகுந்த தாய் பிறர் குழந்தைக்கும் பாலூட்டினாள். தொண்டர்கள் கொடுப்பவராகவும் அகதிகள் கைநீட்டுபவராகவும் பிரிந்து நிற்காத இவ்வாழ்க்கையே, நன்றி என்பதன் திசையை மாற்றியது எனக் கருத இடமுண்டு. எல்லாம் இழந்த பெண்ணொருத்தி அயலாள் பிள்ளைக்குப் பாலூட்டுவதை நாள்தோறும் கண்டவர்களுக்கு, போர் தீண்டாத நாட்டில் பிறந்த தம் பாதுகாப்பு தம் தகுதியால் ஈட்டியது ஆகாது என்பது சொல்லாமலே விளங்கியிருக்கும். அவ்வுணர்வின் ஆழத்தை அவர்கள் எழுதியவற்றைக் காட்டிலும், ஆணையை மீறத் துணிந்த செயல்களிலேயே தெளிவாகக் காணலாம்.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்குழந்தைப் பணி சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தோடு இணைந்தபின், தொண்டர்கள் கடும் நடுநிலை காக்க வேண்டும், விஷி அரசின் சட்டங்களுக்கு உட்பட வேண்டும் என்னும் கட்டளை வந்தது. விஷி அரசு என்பது செர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசு. ஆனால் அக்கட்டளையை மீறி ஐடன்பென்ஸ் யூதச் சிசுக்களை ஸ்பானியப் பெயர்களில் பதிவுசெய்தார். ஏரியேஜ் மாவட்டத்து லா ஹீல் கோட்டையில் சுமார் 100 யூதச் சிறாரைப் பேணிய ரோஸ்லி நேஃப், 1942 ஆகஸ்டில் மூத்த பிள்ளைகள் ஏறத்தாழ 40 பேரைக் காவலர் லெ வெர்னே முகாமுக்கு இழுத்துச் சென்றபோது, தாமும் அம்முகாமுக்குச் சென்று அவர்களுடன் தங்கினார். அவர் மேலாளர் மொரிஸ் துபுவா விஷி நகருக்கு விரைந்து, பிரெஞ்சுக் குழந்தைகளுக்கான சுவிஸ் உதவியும் நின்றுவிடும் என அழுத்தம் கொடுத்துப் பிள்ளைகளை மீட்டார். மீட்பு தற்காலிகமே என உணர்ந்த நேஃப், மூத்தவர்களை இரகசியமாகச் சுவிஸ் எல்லைக்கு அனுப்பினார். சிலர் தப்பினர், சிலர் எல்லையில் பிடிபட்டு மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். எல்லை கடந்த செய்தி வெளிப்பட்டதும் அவருடைய நிறுவனமே அவரை 1943இல் பணியிலிருந்து விலக்கியது. ஆபத்தில் நின்ற பிள்ளைகளின் பக்கம் சேர்ந்தவரை இவ்வாறு தண்டித்தது, சுவிஸ் தொண்டு வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

ஐடன்பென்ஸ் போருக்குப் பின் ஆஸ்திரியாவில் அகதிகளுக்கிடையே பணியைத் தொடர்ந்தார். எல்னைப் பற்றிப் பொதுவில் ஏறக்குறைய எவரும் பேசவில்லை. தாம் பிறந்த இடத்தைத் தேடிய ஒருவர், 1990களின் தொடக்கத்தில் முதுமையடைந்திருந்த அவரைக் கண்டடைந்த பிறகே, மற்றவர்களும் ஒவ்வொருவராக அவரை நாடினர். யூதரைக் காத்த யூதரல்லாதோருக்கு இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் வழங்கும் ‘நாடுகளிடையே நீதிமான்’ என்னும் சிறப்பு, நேஃபுக்கு 1989இலும் ஐடன்பென்சுக்கு 2002இலும் கிடைத்தது. எல்ன் நகராட்சி அந்த மாளிகையை 2005இல் விலைக்கு வாங்கியது. ஐடன்பென்ஸ் 2011இல், 97ஆம் வயதில், சூரிச்சில் காலமானார்.