பழவாசனையும் நினைவின் நழுவலும்: கீதாபாஷ்யத்தில் ஓர் இடம்

தீய பழக்கம் ஒன்றை விட முயன்று தோற்றவன் பெரும்பாலும் ஒரு சுழலில் அகப்பட்டவனாக இருக்கிறான். பழக்கம் விட்டாலன்றி மனம் தெளியாது. மனம் தெளிந்தாலன்றிப் பழக்கம் விடாது. இச்சுழலை எம்பெருமானார் கீதாபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், ஸ்திதப்ரஜ்ஞனைப் பற்றிய பகுதியில், வெளிப்படையாகவே எடுத்து வைக்கிறார்.

விஷயங்களே இந்திரியங்களுக்கு உணவு. அவ்வுணவை மறுத்தவனை விட்டு விஷயங்கள் விலகும். அவற்றின்மேல் உள்ள ராகம் விலகாது. ஆத்ம தரிசனம் வாய்த்த பின்பே அதுவும் நீங்கும் என்பது 59ஆம் சுலோகத்தின் கருத்து. அடுத்த சுலோகமோ, முயற்சியுடைய விவேகியின் மனத்தையும் இந்திரியங்கள் வலிய இழுத்துச் செல்லும் என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த பாஷ்யகாரர், இந்திரிய ஜயம் ஆத்ம தரிசனத்தையும் ஆத்ம தரிசனம் இந்திரிய ஜயத்தையும் எதிர்பார்த்து நிற்பதால் ஞானநிஷ்டை அடைதற்கு அரியது என்று அருளிச்செய்கிறார். தர்க்க நூலார் அந்யோந்யாச்ரயம் என்று குற்றம் கூறும் இடம் இது. அந்தக் குற்றத்தை உரையாசிரியர் மறைக்க முயலவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

விடை 61ஆம் சுலோகத்தில் உள்ள ‘மத்பர:’ என்னும் சொல்லில் இருக்கிறது. மனத்திற்குச் சுபாச்ரயமான தன்னிடத்தில் அதை வைக்குமாறு பகவான் சொல்வதாக பாஷ்யம் விரிகிறது. அவனை விஷயமாகக் கொண்ட மனத்தில் பழவினைகள் எரிந்துபோகின்றன. ராகம் அற்ற அந்த மனம் இந்திரியங்களைத் தன்வசப்படுத்துகிறது. மனத்தை அங்கே வையாமல் இந்திரியங்களை மட்டும் அடக்கி இருப்பவனுக்கோ, அநாதியான பாபவாசனையால் விஷயசிந்தனை தவிர்க்க முடியாததாகும். வெறும் அடக்கத்தின்மேல் இத்தனை ஐயத்தோடு பேசும் உரைப்பகுதிகள் மிகுதியாக இல்லை.

அடுத்த இரு சுலோகங்கள் வீழ்ச்சியின் படிகளைச் சொல்கின்றன: சிந்தனையிலிருந்து சங்கம், சங்கத்திலிருந்து காமம், காமத்திலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து ஸ்ம்ருதியின் குலைவு, அதிலிருந்து புத்தி நாசம். குலைகிற ஸ்ம்ருதி எது? சாத்திரமும் ஆசாரியரும் உபதேசித்ததனால் உண்டான நினைவு என்பது சங்கரர் உரை. இராமாநுஜரோ, இந்திரிய ஜயம் முதலியவற்றுக்காகத் தான் தொடங்கிய முயற்சியைப் பற்றிய நினைவு என்கிறார். வேற்றுமை சிறிதுபோல் தோன்றும். ஆனால் பழக்கத்திற்கு மீண்டும் அடிமையாகிறவனின் நிலைக்கு இரண்டாவதே நெருங்கியது. அந்த வேளையில் கற்றது அவனுக்கு மறந்துபோவதில்லை; விடத் தொடங்கியிருந்தோம் என்பதுதான் மறந்துபோகிறது.

ஆறாம் அத்தியாயத்தில், சஞ்சலமான மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதை மீட்கச் சொல்லிய பின், அப்யாசம், வைராக்கியம் என்னும் இரண்டும் கூறப்படுகின்றன. இங்கும் பாஷ்யத்தின் போக்கு அதுவே. ஆத்மா குணங்களுக்கு இருப்பிடம் என்று பழகிப் பழகி அதன்பக்கம் மனம் திரும்புதல் அப்யாசம். பிறவற்றில் குற்றம் கண்டு வேட்கை தணிதல் வைராக்கியம். முன்னது இல்லாத பின்னது வெறும் கசப்பாகவே முடியும்.

ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் தியானம் எண்ணெய் ஒழுக்குப்போல் இடையறாத நினைவு என்று நிறுவப்படுகிறது. அந்தத் துருவாநுஸ்ம்ருதிக்கு வாக்யகாரர் சொன்ன ஏழு சாதனங்களும் அங்கே எடுத்தாளப்படுகின்றன. அவற்றுள் அநவஸாதம் தனியே நோக்கத்தக்கது. இடமும் காலமும் ஒவ்வாமையாலும், சோகத்திற்குக் காரணமானவற்றை நினைப்பதாலும் மனம் ஒளி குன்றுதல் அவஸாதம். அதற்கு இடங்கொடாமையும் ஒரு சாதனமாகிறது. தவறியதையே எண்ணி நைந்திருப்பது இக்கணக்கில் தவமாகாது, தடையாகும். அளவு கடந்த களிப்பும் அவ்வாறே விலக்கப்படுகிறது.

உரையில் சொன்னதை எம்பெருமானார் நடத்திக் காட்டியதாகக் குருபரம்பரை வரலாறு கூறும் நிகழ்ச்சி, உறையூர் மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசருடையது. மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயில் படாதபடி ஊரறியக் குடை பிடித்து நடந்தவர் அவர். எம்பெருமானார் அவரை அழைத்து விசாரித்தார். அதைவிட அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வீர் என்று கேட்டார். குடையைக் கீழே போடச் சொன்னதாக வரலாறு இல்லை. அழைத்துச் சென்று திருவரங்கனின் திருக்கண்களைக் காட்டினார். தாசரும் பொன்னாச்சியாரும் அவர் திருவடிகளை அடைந்தனர்.

பிற்காலத்தில் அவர் பெருமாள் புறப்பாட்டில் திருமேனிக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சி, உருவிய வாளோடு உடன் நடந்தார் என்பர். கண்ணனுக்கு இட்ட ஆசனத்தைத் தடவிப் பார்த்த விதுரருக்கு உரிய ‘மஹாமதி’ என்னும் பெயர், இந்த அச்சத்தாலேயே இவருக்கும் சம்பிரதாயத்தில் வழங்கலாயிற்று.