பாடநூலைச் சான்றாகப் படித்தல்: அக்டோபர் 16-இன் ஐவர் குழு

1988-இல் சோவியத் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வு கைவிடப்பட்டது. பாடநூல்கள் பொய் சொல்லின என்று அரசே ஏற்றுக்கொண்டபின் மாணவரிடம் எதைக் கேட்பது? அந்தப் பாடநூல் மரபுக்கு அச்சு வார்த்தது, ஸ்டாலின் தம் கையால் திருத்தி 1938 செப்டம்பரில் கட்சி நாளேடான ‘பிராவ்தா’வில் தொடராக வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி வரலாற்றுச் ‘சுருக்கப் பாடம்’. 4 கோடிப் படிகளுக்கு மேல் அச்சாகியும், 1956-இல் ஸ்டாலின் வழிபாடு கண்டிக்கப்பட்டபின் அது மதிப்பிழந்தது. இன்றைய கல்லூரி வகுப்புக்கு அந்நூலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பேன். வரலாற்று நூலாக அதைப் படிக்க வேண்டியதில்லை; சர்வாதிகாரம் விட்டுச்சென்ற சான்றாவணமாகப் படிக்க வேண்டும்.

ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 1917 அக்டோபர் எழுச்சியை நடத்தியது ஸ்டாலின் தலைமையிலான ‘கட்சி மையம்’ என்கிறது நூல். இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 16-இல் நடந்த கட்சி மத்தியக் குழுக் கூட்டத்தின் குறிப்பில் அப்படியொரு மையம் உண்டு: ஸ்வெர்த்லோவ், ஸ்டாலின், புப்னோவ், உரீத்ஸ்கி, செர்ஷின்ஸ்கி ஆகிய ஐவர். ஆனால் அந்த ஐவரும் பெத்ரோகிராத் சோவியத்தின் புரட்சிக் குழுவில் அங்கமாக வேண்டும் என்பதே முடிவு. அந்த சோவியத்தின் தலைவர், பின்னாளில் ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கி. எழுச்சியின் நடைமுறைப் பணிகள் அவர் நேரடி வழிகாட்டலில் நடந்தன என்று 1918 நவம்பர் 6 ‘பிராவ்தா’வில் எழுதியவர் ஸ்டாலினேதான். 1947-இல் வந்த அவருடைய நூல்தொகுதியில் அப்பகுதி இல்லை.

ஐவரில் உரீத்ஸ்கி 1918-இல் கொல்லப்பட்டார். ஸ்வெர்த்லோவ் 1919-இலும் செர்ஷின்ஸ்கி 1926-இலும் இறந்தனர். புப்னோவ் 1938 ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த மாதம் நூல் வெளிவந்தபோது உயிரோடிருந்தவர் ஒருவரே.

இதைச் சொற்பொழிவாகக் கேட்கும் மாணவர் ‘ஸ்டாலின் பொய்யர்’ என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். பழைய வேதத்தின் இடத்தில் புதியது ஒன்று அமரும். மனப்பாடம் மட்டும் மாறாது. தாள்களை அருகருகே வைத்து அவரே ஒப்பிட்டால், உண்மையான குறிப்பொன்றின் மீதே பொய் கட்டப்பட்டதைக் காண்பார். கற்றறிந்தவர்களும் ஏன் நம்பினார்கள் என்ற கடினமான கேள்விக்கு அங்கேதான் வழி திறக்கிறது. அச்சம் ஒரு காரணம், ஐயமில்லை. மறுக்கச் சான்று கையில் இல்லாதிருந்தது இன்னொன்று. எடுத்துக்காட்டாக, 1937 ஜனவரிக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 16.2 கோடி என வந்தது; ஆனால் 1934-லேயே 16.8 கோடி என்று ஸ்டாலின் அறிவித்திருந்தார். 1932–33 பஞ்சத்தின் சாவுகளைக் காட்டிக்கொடுத்த அக்கணக்கு மறைக்கப்பட்டது. எடுத்த அதிகாரிகள் கைதாயினர்.

ஒரே பருவத்தில் பிரான்ஸ், ரஷ்யா, சீனா என மூன்று புரட்சிகளை முடிக்க வேண்டிய பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் ஏது என்பர். 1917 கூட்டக் குறிப்பு, 1918 கட்டுரை, 1938 நூலின் ஒரு பக்கம், 1947 தொகுதியில் அக்கட்டுரை: இந்த நான்கு தாள்களுக்கு இரண்டு வகுப்பு வேளை போதும்.