மில்லுக்காரம்மா என்றால் யார்?

புதுச்சேரியில் முதலியார்பேட்டைப் பக்கம் வழி கேட்டால் சிலர் இன்னமும் இப்படித்தான் அடையாளம் சொல்வார்கள்: "நேரா போய் ரைட்ல திரும்புங்க, மில்லுக்காரர் வீடுன்னு கேளுங்க, சொல்லுவாங்க." அந்த வீட்டு அம்மாவுக்கு மில்லுக்காரம்மா என்று பெயர். அவர் மில் வாசலை மிதித்தேயிருக்க மாட்டார். மில்லில் வேலை பார்த்தவரின் மனைவி, அவ்வளவுதான். அப்படியென்றால் மில்லுக்குள்ளேயே நின்று வேலை பார்த்த பெண்ணை என்னவென்று கூப்பிட்டார்கள்? அதற்கென்று ஒரு சொல் என் காதில் விழுந்ததே இல்லை.

சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கும் மஞ்சள் சுவர்ப் புதுச்சேரி ஒன்று. மில் சங்கு ஊதினால் எழுந்த புதுச்சேரி இன்னொன்று. அந்த ஊருக்கு மூன்று மில்கள். 1820களின் கடைசியில் தொடங்கிய சவானா, பிற்பாடு சுதேசி ஆனது. கப்ளே மில், ஸ்ரீ பாரதி ஆனது. 1898இல் வந்த ரோடியர் மில்லைத்தான் நாம் ஏ.எஃப்.டி. என்கிறோம். இங்கே சாயம் போட்ட நீலத் துணி கப்பலேறி செனகல் வரை போனது. அங்கே பிசின் வியாபாரத்தில் அந்தத் துணியே காசு மாதிரி கைமாறியது.

இந்த மில்கள் வருவதற்கு முன்னால் நூல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பெண்கள் கையிலிருந்து. கிராமத்து வீடுகளில் அவர்கள் ராட்டையில் நூற்றார்கள், ஆண்கள் தறியில் நெய்தார்கள். நூற்பது பெண் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த வேலை இயந்திரத்துக்கு மாறி, மில்லுக்குள் போய், மாதச் சம்பளமும் மேஸ்திரியும் சங்கமும் சேர்ந்த பிறகு பார்த்தால், ஸ்பின்னிங் ஆண்களின் டிபார்ட்மென்ட் ஆகியிருந்தது.

ஒரு நூற்பு-நெசவு மில்லுக்குள் பஞ்சு போகிற வழியிலேயே நாமும் நடந்து பார்க்கலாம். பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங், கடைசியில் தறி. இந்திய மில்களில் இதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் நின்ற இடம். பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை ரீலிங், வைண்டிங், கழிவுப் பஞ்சு பொறுக்குவது. ரீலிங் என்றால் நூலைச் சிட்டமாகச் சுற்றுவது. கைத்தறிக்காரர்களுக்கு நூல் சிட்டமாகத்தான் போகும். இந்த வேலைக்குப் பொதுவாகச் சுற்றிய அளவுக்குத்தான் கூலி. இயந்திரம் நின்றாலோ நூல் வரத் தாமதமானாலோ, காத்திருந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

"பொம்பளைங்க கை மெல்லிசு, அதான் சுத்துற வேலை" என்று காரணம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்து இங்கிலாந்தில், லங்காஷயரின் பர்ன்லி, பிளாக்பர்ன் ஊர்களுக்குப் போனால் தறியில் நிற்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். நாம் இங்கே ஆண்களின் இயந்திரம் என்று நினைத்த ரிங் ஸ்பின்னிங்கை அங்கே பெண்கள் ஓட்டினார்கள். இயந்திரம் ஒன்றுதான். அது யாருடைய வேலை என்பதைக் கையின் மென்மை முடிவு செய்யவில்லை. கூலியும் சங்கமும் வீட்டுக் கணக்கும் சேர்ந்து முடிவு செய்தன.

இப்போது 1936க்கு வருவோம். வ. சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டிய காலம். முந்தைய ஆண்டே சவானா மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்ன அதே கோரிக்கைப் பட்டியலில், பெண்களுக்கு இரவு வேலை கூடாது, பேறுகால விடுப்பு வேண்டும் என்பவையும் இருந்தன. 1936 ஜூலை 30 அன்று போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரான்சில் அப்போது லெயோன் பிளூமின் மக்கள் முன்னணி ஆட்சி. செய்தி பாரிஸ் வரை போனது. 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை, பெண்களின் இரவு வேலைக்குத் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் அன்றைய சட்டம் பத்து மணி நேர வேலையை அனுமதித்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரனாக எனக்கு இதில் பெருமை உண்டு. இன்றைக்கும் உண்டு.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. இரவு வேலை கூடாது என்பது உண்மையான நிவாரணம். பகல் முழுக்க மில், விடிந்தால் அடுப்பு, இடுப்பில் குழந்தை என்று இருந்தவளுக்கு அந்த இரவு தேவைப்பட்டது. அதே நேரம் மில்கள் இரண்டு ஷிப்ட், மூன்று ஷிப்ட் என்று மாறின. ஷிப்ட் சுற்றி வரும்போது ராத்திரிக்கு வர முடியாத ஆள் முதலாளி கணக்கில் அரை ஆள். அதோடு பேறுகாலச் சம்பளம், குழந்தைக் காப்பகம் என்று செலவு வேறு. வைண்டிங்கில் வேகமான இயந்திரங்களும் வந்தன. பம்பாய் மில்களில் 1920களில் ஐந்தில் ஒருவர் பெண். 1947 வாக்கில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். யாரையும் வெளியே போ என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆயா நின்றுபோனால் அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணை எடுக்காமல் விட்டாலே போதும்.

அப்படியானால் அந்தச் சட்டம் தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரியில் எல்லோரும் ஓய்வெடுக்கட்டும் என்று கேட்பது ஒன்று, பெண் மட்டும் வீட்டுக்குப் போகட்டும் என்பது வேறு. நம் சங்கங்கள் இரண்டாவதை வென்றன. வீட்டு வேலை அவளுடையது என்பதை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்தக் கதை பிறகு தலைகீழாகவும் நடந்தது. பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே காலகட்டத்தில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் இளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து ஸ்பின்னிங்கில் நிறுத்தின. மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. பெயர் சுமங்கலித் திட்டம். நிலையான வேலையும் சங்கமும் இருந்தவரை ஸ்பின்னிங் ஆணுக்கு. ஒப்பந்தமும் குறைந்த கூலியும் ஆனதும் மறுபடி "பொம்பளைங்க கை".

ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. சங்கு இப்போது ஊதுவதில்லை. ஒவ்வொரு ஜூலை 30க்கும் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம், போட வேண்டும். கூடவே ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் தெருவில் மில்லுக்காரர் வீடு என்று ஒன்று இருந்தால், அங்கே ரீலிங்குக்குப் போன ஆயா யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "எந்த டிபார்ட்மென்ட் ஆயா? எத்தனை வருஷம் போனீங்க? ஏன் நின்னீங்க?" கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள்.