பாட்டுக்கு எட்டு ஆண்டு

லாசா நகரின் வடக்கு ஓரத்தில் உள்ள டிராப்சி, சிறையாகக் கட்டப்பட்ட இடமல்ல. தலாய் லாமாக்களின் ஆட்சியில் திபெத்தியப் படையின் ஒரு பிரிவு அங்கே முகாமிட்டிருந்தது. 1959 மார்ச்சில் லாசாவில் எழுந்த கிளர்ச்சியைச் சீனப் படை நசுக்கிய பிறகு அந்தப் படைமுகாம் சிறையாயிற்று. திபெத் தன்னாட்சிப் பகுதி முதலாம் எண் சிறை என்பது அதன் அரசாங்கப் பெயர். பிரிவுகளை ருகாக் என்பார்கள். மூன்றாம் ருகாக்கில் பெண் கைதிகள், ஐந்தாம் ருகாக்கில் அரசியல் காரணத்துக்காக அடைக்கப்பட்ட ஆண்கள். அங்கே நடந்த அடி உதையையும் மின்சாரத் தடிகளையும் பற்றி நிறையச் சாட்சியங்கள் இருக்கின்றன. ஆனால் டிராப்சியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். முதலில் எத்தனை ஆண்டு தண்டனை கொடுத்தார்கள் என்பதோடு, கைதி உள்ளே வந்த பிறகு அதை எதற்காகக் கூட்டினார்கள் என்ற கணக்கு அது. தெருவில் முழக்கமிட்டவரைப் பிடிக்கும்போது பொது அமைதிக்குக் கேடு என்று அரசு சொல்லலாம். மதில் சுவருக்குள் பொதுமக்களும் இல்லை, குலைவதற்குப் பொது அமைதியும் இல்லை. அங்கே ஒருவர் பேசியதற்குத் தண்டனை கூடுகிறது என்றால், தண்டிக்கப்படுவது அவருடைய சொல் மட்டுமே.

பால்டென் கியாட்சோவின் வாழ்க்கையிலிருந்தே தொடங்கலாம். 1933இல் பிறந்த துறவி. 1959 கிளர்ச்சிக்குப் பின் கைதானார். தன் ஆசான் இந்திய உளவாளி என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். ஏழு ஆண்டு. தப்பியோட முயன்று எல்லையருகே பிடிபட்டபோது மேலும் எட்டு ஆண்டு. சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலுமாக 33 ஆண்டு கழிந்து 1992இல் வெளியே வந்தார். தம்சிங் என்று திபெத்தியர் அழைக்கும் கூட்டங்களில் கைதிகள் ஒருவரையொருவர் குற்றம்சாட்டி அடிக்கவேண்டும் என்பது மாவோ காலத்து நடைமுறை. அந்தக் காலம் போய், சீர்திருத்தக் காலம் வந்துவிட்டதாக உலகம் நம்பிக்கொண்டிருந்த 1990இல்தான் டிராப்சியில் ஓர் அதிகாரி அவர் வாய்க்குள் மின்சாரத் தடியைச் செருகினார், பற்கள் போயின. விடுதலையானதும் பணம் கொடுத்து அந்தத் தடிகளையும் கைவிலங்குகளையும் வாங்கி, எல்லை தாண்டி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1995இல் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையைச் சீனா ஏற்று உறுதிசெய்தது 1988இல் என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். அந்தத் தடி அவர் வாய்க்குள் போனது அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின்.

டக்னா ஜிக்மே சாங்போ பள்ளி ஆசிரியர். 1983இல் சுவரொட்டி ஒட்டியதற்காகப் பதினைந்து ஆண்டு விதித்தார்கள். சிறைக்குள் முழக்கமிட்டதற்காக 1988இல் ஐந்து ஆண்டு சேர்த்தார்கள். 1991 டிசம்பரில் சுவிட்சர்லாந்துத் தூதர் டிராப்சியைப் பார்வையிட வந்தபோது அவர் காதில் விழும்படி மீண்டும் குரல் கொடுத்தார். இன்னும் எட்டு ஆண்டு. இருபத்தெட்டு ஆண்டாகிவிட்ட தண்டனையில் பதின்மூன்று, சிறைக்குள் வாய் திறந்ததற்காக மட்டும். வெளிநாட்டு விருந்தாளியிடம் காட்டுவதற்கென்று ஒழுங்குபடுத்திய சிறையில் கைதி தானாகப் பேசியதுதான் குற்றம். 2002இல் உடல்நிலையைக் காரணம் காட்டி விட்டார்கள். அப்போது அவர் எழுபதைக் கடந்த கிழவர்.

இந்தக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரிவது மூன்றாம் ருகாக்கில். 1987க்குப் பிறகு லாசாவில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் முன்னால் நின்றவர்களில் பலர் இளம் பிக்குணிகள். ஜோகாங் கோயிலைச் சுற்றியுள்ள பார்கோர் வீதியில் நான்கைந்து பேராக வந்து, ரங்சென், அதாவது விடுதலை, என்று சில நிமிடம் முழங்குவார்கள்; பிடிபடுவார்கள். 1989 மார்ச்சில் இராணுவச் சட்டம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. அந்த ஆண்டு தலாய் லாமாவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்ட அக்டோபரில், மிசுங்ரி மடத்துப் பிக்குணி புன்ட்சோக் நிட்ரோன் தோழிகளோடு வீதிக்கு வந்தார். ஒன்பது ஆண்டு. கரு மடத்தைச் சேர்ந்த நவாங் சாங்ட்ரோல் 1990இல் முதன்முதல் பிடிபட்டபோது வயது பதின்மூன்று. ஒன்பது மாதம் அடைத்துவைத்த பிறகு வெளியே விட்டார்கள். 1992இல் மீண்டும் பிடிபட்டார், மூன்று ஆண்டு. 1993இல் இவர்கள் உட்படப் பதினான்கு பிக்குணிகள், கள்ளத்தனமாக உள்ளே வந்த ஒலிப்பதிவுக் கருவியில் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். வீட்டாருக்கும் நாட்டாருக்கும் பாடிய பாட்டுகள் அவை. தாங்கள் உயிரோடு இருக்கிறோம், மனம் உடையவில்லை என்பதே அவற்றின் செய்தி. ஒலிநாடா வெளியே போய், நாடு கடந்து பரவியது. அக்டோபரில் பதினான்கு பேருக்கும் தண்டனை கூடியது. நிட்ரோனுக்கு எட்டு ஆண்டு, சாங்ட்ரோலுக்கு ஆறு. 1996இல் சாங்ட்ரோலுக்கு மேலும் எட்டு. அதிகாரி வந்தபோது எழுந்து நிற்கவில்லை, படுக்கையை ஒழுங்காக மடிக்கவில்லை என்பதில் தொடங்கி முழக்கத்தில் முடிந்த விவகாரம். 1998இல் இன்னும் நான்கு. மூன்றில் ஆரம்பித்த தண்டனை இருபத்தொன்றாயிற்று. பாடியவர்களில் ஒருவரான நவாங் லோச்சோ 2001இல் காவலிலேயே இறந்தார்.

இதற்குச் சீன அரசு சொல்லும் பதில்களை ஒதுக்கிவிட முடியாது. பழைய திபெத்திலும் கொடுந்தண்டனைகள் இருந்தன என்பது ஒன்று. உண்மைதான், 1934இல் லுங்ஷார் என்ற உயர் அதிகாரியின் கண்களை லாசா அரசே பறித்தது. மடங்களும் பிரபுக்களும் குடியானவர்களை நிலத்தோடு கட்டிவைத்திருந்ததையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கொடுமையை ஒழிக்க வந்ததாகச் சொன்ன ஆட்சி, அதே கொடுமையைத் தன் செயலுக்குச் சாக்காகக் காட்டலாமா? சாங்ட்ரோல் பிறந்தது 1977இல். பழைய திபெத்தை அவர் கண்ணால் கண்டதுகூட இல்லை. அவரை வளர்த்தது முழுக்க முழுக்கப் புதிய ஆட்சி. பிரிவினையை எந்த அரசும் தண்டிக்கும் என்பது இரண்டாவது பதில். ஆயுதம் எடுத்தவரைத் தண்டிப்பது பற்றிய வாதம் வேறு. இந்தப் பெண்கள் கையில் கல்கூட இருந்ததில்லை. பேச்சுரிமையைச் சீன அரசியல் சாசனத்தின் 35ஆம் பிரிவே தருகிறது. 1997 வரை இவர்கள்மேல் சுமத்திய குற்றத்துக்கு ‘எதிர்ப்புரட்சிப் பிரசாரம்’ என்று பெயர். சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது ‘அரசின் பாதுகாப்புக்கு ஊறு’ ஆயிற்று. பெயர் மாறியதே தவிர, கைதிகள் செய்த காரியம் மாறவில்லை.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. இதெல்லாம் தப்பி வந்த அகதிகள் சொல்வது, அவர்களுக்கு ஓர் அரசியல் இருக்கிறது, எப்படி நம்புவது என்பது. சித்திரவதையைச் சிறை தன் பதிவேட்டில் எழுதிவைப்பதில்லை. ஆகவே சந்தேகம் எழுவது இயல்பு. 1998 மே 1 அன்றும் 4 அன்றும் டிராப்சியில் கொடியேற்றத்தின்போது கைதிகள் முழக்கமிட்டார்கள். அந்த நாட்களில்தான் ஐரோப்பியத் தூதர்களும் திபெத்துக்கு வந்திருந்தார்கள். கடும் அடிக்குப் பிறகு ஜூன் 7 அன்று ஐந்து பிக்குணிகள் இறந்தார்கள். தற்கொலை என்றது அரசு தரப்பு. நடந்ததை வெளியே சொன்னவர்கள் உடனிருந்த கைதிகள். சுதந்திரமான பிரேத பரிசோதனை எதற்கும் இடம் தரப்படவில்லை. கதவைப் பூட்டி வைத்தவர்களே, உள்ளே இருந்தவர்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்பது நியாயமல்ல. கதவு சற்றுத் திறந்தபோது என்ன தெரிந்தது? ஐ.நா. சித்திரவதைச் சிறப்பு அறிக்கையாளர் மான்ஃப்ரெட் நோவாக் 2005இல் சீனா சென்று லாசாச் சிறைகளையும் பார்த்தார். சித்திரவதை குறைந்து வருகிறது, ஆனால் இன்னும் பரவலாகவே இருக்கிறது என்று முடிவு சொன்னார். அகதியின் வாயிலிருந்து வந்த சொல்லல்ல அது. அதையும் ஏற்காதவர்களுக்காகத்தான் தண்டனைக் கணக்கை இவ்வளவு நேரம் பேசினேன். ஆறும் எட்டும் நான்கும் சீன நீதிமன்றங்களே விதித்த ஆண்டுகள். அந்தப் பாட்டுகளோ ஒலிநாடாவில் இருக்கின்றன. யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

பிற்பாடு அரசியல் கைதிகள் பலரை லாசாவுக்கு வெளியே சூஷூலில் கட்டிய புதுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். டிராப்சி என்ற பெயர் செய்திகளில் குறைந்தது, வழக்கம் குறையவில்லை. திபெத்திய மொழிக் கல்வி வேண்டும் என்று ஒரு செய்தி நிறுவனத்தின் காணொளியில் பேசிய கடைக்காரர் தாஷி வாங்சுக், பிரிவினையைத் தூண்டியதாக 2018இல் ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார். வழக்கில் முக்கியச் சான்று அந்தக் காணொளிதான்.

சாங்ட்ரோல் 2002 அக்டோபரில் வெளியே வந்தார். அயல்நாடுகளின் நெருக்குதல் அதற்குப் பெரிதும் உதவியது. புன்ட்சோக் நிட்ரோன் வெளியே வந்தது 2004 பிப்ரவரியில். வீதியில் முழங்கியதற்காக அவருக்கு விதித்த ஒன்பது ஆண்டு 1998இலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் உள்ளே கழித்த ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காலமும் அந்த ஒலிநாடாவுக்காக.